ஒமாஹா டாக்டருக்கு இருபது

போன வாரம் இந்தக் கொட்டகையில் காளைகளை ஏலம் விட்டார்கள்.
இன்று நாணயங்கள்.
கம்பளம் விரித்தும் சாணி வாசம் போகவில்லை.
நெப்ராஸ்காவின் பிப்ரவரி. வாசலில் பூட்ஸைத் தட்டிப்
பனியை உதிர்த்துவிட்டு உள்ளே போகிறோம்,
முன்பையில் ரொக்கம், கழுத்தில் லென்ஸ்.
இங்கே யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.
உச்சந்தலைகளை வைத்துத்தான் அடையாளம்.

மூன்று டாலர் நுழைவு.
மார்லிஸ் என் புறங்கையில் முத்திரை குத்துகிறாள்:
"இன்றைக்கு உன் பஸ் ஓடாதா?"
சனிக்கிழமை, மார்லிஸ்.

படம் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு.
படம் பொய் சொல்லாது,
பாதியோடு நிறுத்திக்கொள்ளும்.
நாணயத்தைச் சாய்க்க வேண்டும்.
விளிம்பில் இரண்டு விரல், விளக்கின் கீழே,
தூங்கும் குழந்தையின் தலையைத் திருப்புவதுபோல்.
அப்போது உள்ளிருந்து ஓர் ஒளி
சக்கரமாய்ச் சுற்றி ஓடும்.
சோப்புப் போட்டுக் கழுவிய வெள்ளியில்
அது ஓடாது,
பளபளப்பாகச் செத்துக் கிடக்கும்.

பதினோராவது மேசை, டெல்பர்ட் ஹ்ரூஸ்கா.
கறுப்பு வெல்வெட்டில் ஒரு மார்கன் டாலர்,
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நான்கு,
கழுகின் வாலடியில் நியூ ஆர்லியன்ஸின் சின்ன ஓ.
விளிம்பெல்லாம் ஊதா, உள்ளே தேன் நிறம்.
விலைச்சீட்டில் நூற்று எண்பத்தைந்து.

சாய்த்தேன்.
ஒளி ஓடியது. ஓடி,
சுதந்திர தேவியின் காதுக்குக் கீழே
ஒரு மயிரிழையில் இடறியது.

அந்தக் கீறலை எனக்குத் தெரியும்.
நான் போட்டது.
என் சமையலறை மேசையில், அட்டை உறையைப் பிரிக்கும்போது
ஸ்டேபிள் கம்பி வழுக்கி.
ஒரு வாரம் எனக்கு நானே பேசவில்லை.
பிறகு உலை பழுதான ஜனவரியில்
கியர்னி அடகுக்கடையில் தொண்ணூறுக்குக் கொடுத்தேன்.
வீடு சூடாயிற்று.

"நல்ல கண் உங்களுக்கு" என்கிறார் டெல்பர்ட்.
"ஒமாஹாவில் ஒரு டாக்டர். ஐம்பது வருஷம்
வங்கிப் பெட்டகத்தை விட்டு வெளியே வராத காசு.
மனைவிக்குக்கூடக் காட்டவில்லையாம்."

இந்தக் கீறல்?

"பை உரசல். அந்தக் காலத்தில்
ஆயிரம் ஆயிரமாக மூட்டை கட்டுவார்கள் இல்லையா,
ஒன்றோடொன்று மோதி."

அவர் கண்ணைப் பார்த்தேன். கலங்காத நீலம்.
யாரோ அவரிடம் சொன்னதை
அவர் என்னிடம் சொல்கிறார். அல்லது
இன்று காலை காப்பியோடு செய்த டாக்டர்.
எதுவானால் என்ன,
நிற்கிற நிலையில் நிஜத்தைச் சொன்னால்
விலை இறங்கும். சொல்ல வாய் வரவில்லை.
அரை நூற்றாண்டு இருட்டில் கிடந்த ஒன்றை
எட்டு மாதம் என் ரொட்டித் தகரத்தில் வைத்திருந்தேன் என்று
எப்படிச் சொல்வது?

நூற்று நாற்பது என்றேன்.
தலையைச் சொறிந்தார். லென்ஸைத் துடைத்தார்.
பக்கத்து மேசைக்காரரிடம் மாட்டிறைச்சி சாண்ட்விச் விலை கேட்டார்.
நூற்று அறுபது என்றார்.

எட்டு இருபதுகள். ஈரக்கையால் எண்ணினேன்.

புது அட்டையில் வைத்து நாலு பக்கமும் ஸ்டேபிள் அடித்தார்.
"கம்பியின் காலைத் தட்டையாக்குங்கள்" என்றேன்,
கொஞ்சம் சத்தமாகவே.
குறடை எடுத்தவர் நிமிர்ந்தார்.
முதல்முறையாக என் முகம்.
பிறகு நாணயம். பிறகு, மெதுவாக,
அந்தக் காதின் கீழே.

ஒன்றும் சொல்லவில்லை.
நான்கு கால்களையும் அழுத்தி மடக்கினார்,
ஒவ்வொன்றையும் இரண்டு தடவை.

டிரக்கில் கண்ணாடி உருகும்வரை காத்திருந்தேன்.
வெள்ளிக்கு நூற்று நாற்பது.
டாக்டருக்கு இருபது.
காசு கொடுத்தாயிற்று, இனி அவரும் என்னுடையவர்.
காது மூக்கு டாக்டர் என்று வைத்துக்கொண்டேன்.
குளிர்ந்த விரல்கள்.
மனைவிக்குக் காட்டாமல் விட்டதுதான்
ஏனென்று பிடிபடவில்லை.
நெடுஞ்சாலை முழுக்க யோசித்துப் பார்த்தேன்,
வைப்பர் இடமும் வலமும் ஆட.