இள இளங்கருப்பு

முதலில் கலர் மையைக் கலந்துதான் அடித்தேன்.
நீலம், மெஜந்தா, மஞ்சள் மூன்றும்
தோளில் கை போட்டுக்கொண்டு
கருப்பு வந்திருக்கிறோம் என்றன.
முருகன்குறிச்சி மாடி அறையில், டியூப்லைட்டுக்கு அடியில்,
பிரம்மசக்தியின் முழங்கை பாசி பிடித்திருந்தது.
ஜன்னலுக்குக் கொண்டுபோனால்
அதே முழங்கை ரோஸ் பவுடர் பூசியிருந்தது.
ஒரே தாள்.
பத்தடி தூரத்தில் இரண்டு பொய்.

நீலமும் மஞ்சளும் அடைத்துக்கொண்ட அன்று
மெஜந்தா மட்டும் தனியாக வேலை பார்த்தது.
அந்தத் தாளைச் சுருட்டி மூலையில் எறிந்தேன்.

படம் இதுதான்:
மானூருக்கு மேற்கே, சீமைக்கருவேலம் வெந்து அடங்கிய மூட்டம்.
மண்ணைத் தள்ளிக் கரியை இழுக்கிறாள்.
முகம் பாதி புகையில்.
பின்னால் உச்சிவெயில் வானம், எழுதாத நோட்டு மாதிரி.
நான் கேமராவைத் தூக்கியதும் சொன்னாள்:
"சட்டுன்னு எடும், கண்ணு கரிக்கி."

சென்னையிலிருந்து பார்சலில் வந்தது கார்பன் மை.
ஆறு குப்பி.
கருப்பு, இளங்கருப்பு, இள இளங்கருப்பு.
அதற்கு மேல் பேர் வைக்க ஆள் கிடைக்காமல்
எண் போட்டு ஒட்டியிருந்தார்கள்.
கல்யாணத் தரகர்கள் "மாநிறம்" என்று இழுப்பார்களே,
அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே இதில் மூன்று குப்பி.
ஒரு குப்பி விலைக்கு
எத்தனை மூட்டை கரி என்று கணக்குப் போட ஆரம்பித்து
பாதியில் கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தேன்.

செல்சன் சிரிஞ்சால் மை ஏற்றினான்.
"இதுவும் கரிதான அண்ணாச்சி?
அரைச்சு வடிகட்டித் தண்ணியில நிக்க வச்சிருக்கான்,
அம்புட்டுதான்."

வழவழத் தாளுக்கு ஒரு கருப்பு,
பருத்தித் தாளுக்கு வேறொரு கருப்பு.
மாற்றிப் போட்டால் கையில் ஒட்டும் என்று
குப்பியிலேயே எழுதியிருந்தது.
மாற்றிப் போட்டேன். ஒட்டியது.
மத்தியானச் சொதிச் சோற்றில்
என் பெருவிரல் ரேகை.

வெள்ளையிலிருந்து கருப்புக்கு இருபத்தொரு கட்டம்.
பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே
ஒரு கோடு தெரிய வேண்டும்.
பதினெட்டில்தான்
அவள் பாதம் கரியிலிருந்து பிரிகிறது.
மூன்று நாள் தெரியவில்லை.
நாலாம் நாள் விடிகாலை, காய்ந்த தாளில்,
பெருவிரல் முதலில் பிரிந்தது,
அப்புறம் குதிகால் வெடிப்பு.
நான் ஒருத்தனாக நின்று கைதட்டினேன்.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவள்
அப்படியே மாடி ஏறினாள், கையில் எக்ஸ்ரே கவர்.
"சளிதான்னு சொல்லிட்டாவ."
கார்பன் தாளை மேஜையில் விரித்தேன்.
பார்த்தாள்.
"நல்லாத்தான் இருக்கு" என்று
அடுத்தவர் வீட்டுச் சாம்பாரைச் சொல்வதுபோலச் சொன்னாள்.
பிறகு மூலைக்குப் போய்ச் சுருளைப் பிரித்தாள்.
"ஏ, இதுலதான என் சேலை வந்துருக்கு!"

ராணி கலர் சேலை.
அன்றைக்கு அதைத்தான் கட்டியிருந்தாள்.
படத்தை எடுக்கும் முன்பே
நான் அதை அழித்திருந்தேன்.

"புகையும் ராணி கலர், வானமும் ராணி கலர்,
இது கெட்டுப்போன தாள்மா."
"இருக்கட்டும்" என்று
எக்ஸ்ரேயோடு சேர்த்துச் சொருகிக்கொண்டாள்.
அந்தக் கவருக்குள் இப்போது அவள் இரண்டு பேர்,
ஒருத்தி மெஜந்தா,
ஒருத்தி விலா எலும்பு.

கார்பன் தாள் சட்டம் போட்டு மதுரைக்குப் போனது.
நன்றாகப் பேசினார்கள்.
பாதத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

சனிக்கிழமை பிரிண்டரில் சிவப்பு விளக்கு.
கழிவு மை குடிக்கும் பஞ்சு நிறைந்துவிட்டதாம்.
கழற்றி வெளியே எடுத்தோம்.
ஆறு மாதத்து நீலம், மெஜந்தா, மஞ்சள்,
ஆறு கருப்பும் ஊறிக் கனத்துப்போயிருந்தது.
டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தேன்.
ஜன்னலுக்குக் கொண்டுபோனேன்.
திரும்ப டியூப்லைட்டுக்கு வந்தேன்.
மாறவே இல்லை.

"எங்க போட அண்ணாச்சி?"
செல்சன் இரண்டாம் தரமும் கேட்டுவிட்டான்.
சொட்டுகிறது.