ஆறு நாற்பத்தொன்று

மின்வெட்டு நேரத்தில்தான் வானம் ஒழுங்காகக் கேட்கும்.
மற்றபடி நார்த்டேல் முழுக்கச் சுவருக்குள் ஓடும் கரண்ட்
ரீங்கரித்துக்கொண்டே இருக்கும்:
கோவெண்டர் வீட்டு ஃப்ரிட்ஜ், எதிர்வீட்டு கேட் மோட்டார்,
தெருவிளக்கின் நீண்ட 'ம்'.
அட்டவணைப்படி ஆறு மணிக்கு எல்லாம் அணையும்.
துணிக்கொடி அடியில்
நான் இரண்டு பெட்டிகளை வைப்பேன்.

ஒன்று மீடியம் வேவ் டிரான்சிஸ்டர்,
நிலையமே இல்லாத ஓரத்தில் முள்ளை நிறுத்தியது.
மற்றது, கிளினிக்கில் கழித்துப்போட்ட
செவிக்கருவியின் வயிற்றை எடுத்து
மரச்சட்டத்தில் அறுபது சுற்றுக் கம்பியோடு சேர்த்து
நானே செய்தது. தாழ்ந்த அலைதான் அதற்குப் புரியும்.

மேகத்துக்குள்ளேயே அடித்துக்கொள்ளும் மின்னல்
டிரான்சிஸ்டரில் நெடுநேரம் கசங்கும்,
சினிமா ஓடும்போது யாரோ கூச்சத்தோடு
சிப்ஸ் பாக்கெட் பிரிப்பதுபோல.
சட்டப்பெட்டி அதற்கு உம் கொட்டுவதோடு சரி.

தரைக்கு வருவது வேறு.
முதலில் ஒரு சீறல், படிப்படியாய் இறங்கும்.
பிறகு சட்டப்பெட்டி நெட்டி முறிக்கும்:
சடக்.
வந்த வழியிலேயே இன்னொன்று, சடக்,
நடுவே பாதி இமைப்புகூட இல்லை.
சில சமயம் நாலு, ஐந்து.

நோட்டில் இரண்டு பத்தி. மேல். கீழ்.
சந்தேகமானால் நடுக்கோட்டின்மேலேயே ஒரு புள்ளி.
புள்ளிகள் நிறைய உண்டு.
"இதெல்லாம் எதுக்கு?" என்பார் மைத்துனர் பூபாலன்.
பதில் இருந்ததில்லை,
மார்ச்சில் ஸோண்டி வரும்வரை.

டேபிள் மவுண்டன் பக்கமிருந்து இரண்டு டாக்ஸி மாறி வந்தவர்.
வலச் செவிப்பறை ஆறிவிட்டது,
கேள்விதான் திரும்பவில்லை.
'எப்போதிலிருந்து' என்ற கட்டத்தில்
நவம்பர் பதினான்கு என்று எழுதி, யோசித்து,
'ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்' என்றும் சேர்த்தார்.
கம்பி வேலியோரம் நாலு மாடுகள்.
இன்சூரன்ஸ்காரர் எழுதிவிட்டாராம்,
அந்த மணியில் அந்தப் பக்கம்
மேகத்துக்குள் மட்டுமே மின்னல் என்று.
"மேகத்துக்குள் என் மாட்டுக்கு என்ன வேலை, மிஸிஸ் மூட்லி?"

மதிய உணவு நேரத்தில் வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்துவந்தேன்.
6:41. கீழ்ப் பத்தி. மூன்று கோடு.
சட்டம் அன்று கிழக்கு மேற்காய் நின்றது;
கிழக்கிலிருந்தா மேற்கிலிருந்தா என்று
அதற்குச் சொல்லத் தெரியாது.
போனில் பதிவும் இருந்தது.
இடது காதில் வைத்தேன்.

சீறல். சடக்சடக்சடக்.

மறுபடி போடச் சொன்னார்.
அன்று அவருக்குச் சத்தமே கேட்கவில்லையாம்,
வெள்ளையாக ஒன்று, அவ்வளவுதான்.
மறுபடி.
விரலை மடக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"சத்தம் மூன்று. மாடு நாலு."

கடிதம் எழுதிக் கொடுத்தேன், கையெழுத்து, தேதி,
இரண்டு பெட்டியின் படம்.
கேள்விச் சாட்சியம் செல்லாது என்று
ஒரே வரியில் பதில் வந்தது.

கருவி மாட்டிவிட்ட நாளில்
டெலிபோனுக்கென்று அதிலிருக்கும் சின்னக் குமிழைக் காட்டினேன்.
உள்ளே நெல்மணி அளவில் ஒரு கம்பிச்சுருள்.
மழை வரும்போது, கரண்ட் இல்லாதபோது,
இதைத் தள்ளிவிட்டால் கேட்கும்.
"முன்கூட்டிச் சொல்லுமா?"
சொல்லாது. விழுந்ததை மட்டும்.
குமிழை இரண்டு தடவை தள்ளிப் பார்த்தார்,
சரி என்றும் சொல்லவில்லை.

அக்டோபரில் முதல் இடிமழை.
எட்டரைக்கு, இருட்டில், போன் வெளிச்சம்:
'இன்று எல்லாம் மேலேயேதான், மிஸிஸ் மூட்லி.
மாடுகளை வெளியே விட்டிருக்கிறேன்.'

என் நோட்டில் கீழே இரண்டு கோடு,
இரண்டும் கிழக்கு மேற்கு.
பேனாவை மூடாமல்
நனைந்த துணிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன்,
எண்ணைத் தேடி, அழைத்து,
அவர் எடுக்கும்வரை.