வித்தவுட்

பகலெல்லாம் எனக்கு டிராமில் வேலை.
வூட்ஜ் நகரம், பதினொன்றாம் எண் வண்டி.
சீட்டில்லாதவனை மூன்று நிறுத்தம் முன்பே சொல்லிவிடுவேன்:
ஜன்னலை ரொம்ப அக்கறையாகப் பார்ப்பான்.

என் வீட்டிலேயே ஒருத்தர்
ஓசியில் போய்வந்தது மட்டும் தெரியவில்லை.

ரௌட்டரின் பட்டியலில் ஆறு பேர்.
என் கைபேசி. மகன் விட்டுப்போன டேப்லெட்.
தொலைக்காட்சி. சமையலறை விளக்கு.
துணி துவைக்கும் எந்திரம்,
அதற்கு எதற்கு இணையமோ.
ஆறாவதுக்குப் பெயரில்லை;
எண்ணும் எழுத்துமாய்ப் பன்னிரண்டு.
இரவு இரண்டு பத்துக்கு ஏறுகிறது.
நான்கே நிமிடம்.
இறங்கிவிடுகிறது.

ஒவ்வொன்றாய் அணைத்துப் பார்த்தேன்.
கடைசியில் இருட்டில்
நானும் அதுவும்.

கூட வேலை பார்க்கும் வித்தோல்டின் அக்கா மகள்
ஒரு செயலி போட்டுக் கொடுத்தாள்,
கிட்டப் போனால் முள் ஏறுமாம்.
இரண்டு பத்துக்குப் படியேறினேன், செருப்பில்லாமல்,
என் வீட்டுத் திருடனைப் பிடிக்க
நானே திருடி மாதிரி.
மூன்றாம் மாடியில் முள் உச்சிக்குப் போய் நின்றது,
இரண்டு கதவுகளுக்கு நடுவே.
இடது பக்கம் ஃபெலித்சியா ம்ரோஸ்.
வலது பக்கம் பெயர்ப்பலகை கழன்ற இரண்டு ஆணி ஓட்டை.
எந்தக் கதவிடம் சீட்டைக் கேட்பது?

பிப்ரவரியில் குழாய் வெடித்தபோது
பாதிக் கட்டடம் என் சமையலறையில்தான் தேநீர் குடித்தது.
கடவுச்சொல் ரௌட்டரின் முதுகில் அச்சாகி ஒட்டியிருந்தது.
யார் வேண்டுமானாலும்.

மாற்றினேன். பதினெட்டு எழுத்து.
தாளைப் பார்க்காமல் எனக்கே வராது.

மறுநாள் பட்டியலில் ஐந்து பேர்.
நிம்மதியாகப் பதிவேட்டையும் திறந்தேன்:
இரண்டு பத்து, மறுக்கப்பட்டது.
இரண்டு பதினொன்று, மறுக்கப்பட்டது.
பன்னிரண்டு. பதின்மூன்று.
அதற்கடுத்த இரவும். அதற்கடுத்ததும்.

கதவு முழுக்கத் திறக்கும் முன் குதித்து ஓடுகிறவர்களை
எனக்குத் தெரியும்.
காலிப் பையையே திரும்பத் திரும்பத்
துழாவிக்கொண்டு நிற்கிறவர்களையும் தெரியும்.
அபராதம் ஒரே தொகைதான்.
நான் எழுதிக் கிழித்துக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்பது இரவு தட்டியது.
பத்தாவது இரவு
இரண்டு பத்து.
இரண்டு பதினொன்று.
இரண்டு இருபதுவரை பார்த்தேன்.
பதிவேடு துடைத்தாற்போல் இருந்தது.

இதற்குத்தானே இவ்வளவும் செய்தேன்?

படிக்கட்டு விளக்கு அரை நிமிடம்தான் எரியும்.
அணைவதற்குள் மூன்றாம் மாடி.
இடதா வலதா என்று
நிற்க நேரமில்லை,
இரண்டிலும் தட்டினேன்.