பிளேன்டீ தளம்பாத மெத்தை

இரண்டரைக்கு நான் எழும்ப வேண்டும்.
சுன்னாகத்துப் பேக்கரியில்
பாண்மா அதற்குள் பொங்கிவிடும்.

கட்டிலின் இந்தக் கரையில் காலை இறக்கினால்
அந்தக் கரையில் தர்மினி
அலையில் ஏறிய வள்ளம்போல
ஒருக்கால் உயர்ந்து தாழ்வாள்.
கலியாணத்துக்கு வந்த ஸ்பிறிங் மெத்தை.
ஒரு கம்பி முனகினால்
முழுக் குடும்பமும் ஒப்பாரி வைக்கும்.
பிறகு அவளுக்கு நித்திரை இல்லை.
ஏழரைக்கு ஆறாம் தரத்துக்குப் பின்னம் படிப்பிக்க வேணும்.
பதினொரு வருசம்.

கஸ்தூரியார் வீதிக் கடையில்
நிரோஜன் என்ற பெடியன்
மெத்தையின் ஓரத்தில் பிளேன்டீயை வைத்தான்,
முட்ட நிறைந்த கிளாஸ்.
மற்ற ஓரத்தில் தானே ஏறி விழுந்தான்.
முதலாவதில் தேத்தண்ணி விலைச்சீட்டை நனைத்தது.
இரண்டாவது ஃபோம். ஒரு சொட்டும் தளம்பவில்லை.
"சித்திரையிலை கறண்டும் போனால்
இதுக்கை நாங்கள் அவிஞ்ச பிட்டு"
என்றாள் தர்மினி.
மூன்றாவதில் ஒவ்வொரு ஸ்பிறிங்கும்
தனித்தனிச் சீலைப் பைக்குள்.
"ஒராள் அழுதாலும் மற்றாளுக்குத் தெரியாது அண்ணை"
என்றான் பெடியன்,
இன்னும் கலியாணம் கட்டாதவன்.

"ஏறிப் படுங்கோ, வெக்கப்படாதையுங்கோ."
கண்ணாடிக்கு வெளியே
மினிபஸ்ஸுக்கு நிற்கிற சனம்.
செருப்பைக் கழற்றி
கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி
அவள் பிரேதம்போல நேராகப் படுத்தாள்.
நான் மற்றப் பக்கம் படுத்தேன்.
புரண்டேன். எழும்பினேன். திரும்பவும் விழுந்தேன்.
"ஏதும் தெரிஞ்சதோ அக்கா?"
பதில் இல்லை.
குனிந்து பார்த்தோம்.
வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

பெடியன் ஃபானை அவள் பக்கம் திருப்பிவிட்டு
கல்குலேற்றரில் தவணையைத் தட்டிக் காட்டினான்.
பேரம் பேச எனக்குக் குரல் எழும்பவில்லை.

ஐப்பசி. புது மெத்தையில் முதல் இரவு.
இரண்டரைக்குக் காலை இறக்கினேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
சாறத்தை மாற்றினேன். ரோச்சைத் தேடினேன்.
கதவடியில் கொஞ்சம் நின்றேன்.
இந்த நேரம்தான்
கண் திறக்காமல் அவள் கேட்பாள்:
"மழைக்கோட்டு எடுத்தனீங்களோ?"
அவளின் கை என் பக்கம் வந்து
சூடு ஆறாத இடத்தில்
விரிந்து கிடந்தது.

இணுவில் தாண்ட மழை பிடித்தது.
மருதனார்மடத்துச் சந்தியில்
சைக்கிளில் போனது
தேத்தண்ணியில் தோய்த்த பாண்.

"என்ன அண்ணை, மழைக்கோட்டு இல்லையோ?"
போறணையடியில் நின்றவன் கேட்டான்.

தலையைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்:
நல்ல மெத்தை.