கொக்கிரகுளத்திலிருந்து ஒரு தாள்

கடிதம் ஒன்றரைப் பக்கம்.
தொடர்ந்து தங்கப் போதிய முகாந்திரம் இல்லையாம்.
பிள்ளையைப் பராமரிக்க
இந்தியப் பிரஜைகளான உறவினர் உண்டாம்.

உண்டுதான்.
வள்ளியூரில் மச்சினன் ஒருவர்.
ஜெனோவாவுக்கு வலிப்பு வந்த அன்று
வாசல்வரை ஓடி
செருப்பைத் தேடிக்கொண்டே நின்றவர்.
குறை சொல்லவில்லை.
முதல் தடவை எனக்கும் கை நடுங்கியது.

இரவு ஒன்பதுக்கு மாத்திரை,
பாதியாக உடைத்து, தேனில் குழைத்து.
மூன்றரைக்கு மறுபாதி.
தூக்கத்தில் இடக்கால் பெருவிரல் விறைத்தால்
ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும்.
விறைக்கும் முன்பே எனக்கு விழிப்பு வந்துவிடும்.
ஐகிரவுண்ட் டாக்டரம்மாவே
அது எப்படி என்று கேட்டார்.

விண்ணப்பத்தில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை.
'தொழில்' என்ற இடத்தில்
நுணுக்கி நுணுக்கி எழுதினேன்.
திரும்பி வந்த நகலில்
அதையெல்லாம் ஒரே கோடாக அடித்து
மேலே 'இல்லை' என்றிருக்கிறது.
அழகான கையெழுத்து.

செசிலி இருந்திருந்தால்
அவள் பெயரைச் சொல்லி
நானும் பாளையங்கோட்டைக்காரன்.
கல்லறைத் தோட்டத்தில், மூன்றாம் வரிசையில்,
அவள் தங்குவதை யாரும் மறுக்கவில்லை.

"எப்பா, என்ன போட்டிருக்கு?"

"ஒண்டுமில்லை, பிள்ளை."

"ஒண்டு இல்லப்பா, ஒண்ணு.
எத்தன மட்டம் சொல்லுதது."

திருத்திக்கொண்டு சொல்கிறேன்.
ஒண்ணுமில்ல.
அவளுக்குத் திருப்தி.

முப்பது நாள் தந்திருக்கிறார்கள்.
டப்பாவைக் கவிழ்த்து எண்ணிப் பார்த்தேன்,
மருந்து நாற்பது நாளுக்கு இருக்கிறது.