ஒப்புரவு

சுங்கை மெராவில் புதன் இரவு வகுப்பு.
தேவாலயத்தின் பின்னறை,
சுற்றும்போது ஒரு பக்கமாய் இழுக்கும் காற்றாடி.
ஐந்து பேர்: ஒரு தாதி, இரண்டு லோரி ஓட்டுநர்கள்,
கோழிக்கடை எஸ்தர்ராணி, நான்.

இந்த வாரத்துச் சொல் ஒப்புரவு.
கடவுளோடு மனிதன் பிணக்குத் தீர்வது
என்று எழுதிக்கொண்டோம்.
எஸ்தர்ராணிதான் கேட்டாள்:
பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரிப் படித்தோமே,
ஊருக்குச் செய்யவேண்டியதைச் செய்வது என்று.
இரண்டும் ஒரே சொல்லா?
போதகர் பேனாவைத் திறந்தார், மூடினார்.
தாதி மட்டும் சிரித்தாள்.

பகலில் நான் செம்பனைத் தோட்டத்து நிறுவைக் கிராணி.
குலை காயென்று
நூற்றுக்கு மூன்று கழிப்பேன்.
சில நாள் காய்தான்.
சில நாள் மேலாளரின் முகம்.
வங்காளதேசத்து மொனிருலுக்கு
என் தமிழும் தெரியாது, என் கணக்கும் தெரியாது.
காட்டிய இடத்தில் ஒப்பமிடுவான்,
தெரிமா காசே என்பான்.

கட்டுரை இரண்டு பக்கம், வெள்ளிக்கிழமைக்குள்.
கிருபைக்குத் தராசு இல்லை
என்று தொடங்கினேன்.
அழகாக இருந்தது.
அதனால் அடித்தேன்.

இன்று காலை டிராக்டர் மேடையேறி
சிவப்பு எண்கள் ஆடி நின்றதும்
அவனைக் கூப்பிட்டேன்.
எண்ணை விரலால் தொட்டுக் காட்டினேன்,
அவன் பார்க்கக் கழிவுக் கட்டத்தில் சுழி போட்டேன்.

பயந்துவிட்டான்.
தொப்பியைக் கழற்றிக்கொண்டு
என்ன தப்புச் செய்தேன் என்கிறான்
மலாயில், மூன்று முறை.

எனக்குப் பின்னால்
மேலாளரின் கார்க் கதவு.