அடிக்குறிப்பு 31

"வழியின்மை" என்ற என் மொழிபெயர்ப்பின் கீழ்
பென்சிலால் ஒரு கோடு.
"போதாது. கிரேக்கச் சொல்லில் கால் நனைகிறது."
பெயர் மறைத்த மதிப்பீட்டாளர்,
எழுத்து மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

திருநெல்வேலி. பின்னேரம் இரண்டரை.
கரண்ட் போய்விட்டது.
அகராதியைத் தூக்கிக்கொண்டு சன்னலடிக்குப் போனேன்.
போரோஸ்:
ஆற்றில் ஆழம் குறைந்த இடம்,
சுமையோடு கழுதையும் இறங்கிக் கடக்கிற இடம்.
முன்னால் ஒரு 'அ' விழுந்தால்
அந்த இடம் இல்லை.
அப்போரியா.

துணிவு என்றால் என்ன என்று தொடங்குகிற உரையாடல்
முடியும்போது
போருக்குப் போய் வந்தவனுக்கும் விடை தெரியாது.
எல்லாரும் எழும்பி வீட்டுக்குப் போகிறார்கள்.
பதினொரு வருடமாக
அவர்கள் எழும்பிப்போன இடத்தைத்தான் நான்
ஆராய்கிறேன்.

முட்டு என்று எழுதி வெட்டினேன்.
திகைப்பு. வெட்டினேன்.
மாரிக்கு மட்டும் ஓடுகிற வழுக்கையாற்றை வைத்துக்கொண்டு
ஆறு கடக்கிற சொல்லுக்கு
எங்கே போவது?

பிலேந்திரன் கதவைத் தட்டினார், கையில் ஒரு உறை.
"மிஸ், இது எந்தத் துறைக்கு?"

துறை.

பருத்தித்துறை, காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை,
நான் சம்பளம் வாங்குகிற மெய்யியல் துறை.
இத்தனை நாளும் வாய்க்குள்ளேயே கிடந்திருக்கிறது.

துறையின்மை.

எழுதிய பிறகு கை நின்றது.

கிளாலி, தொண்ணூற்று மூன்று, எனக்கு ஒன்பது வயது.
இடுப்பளவு தண்ணீரில் சனம்.
தலையில் சூட்கேஸ், ஒருத்தியின் தோளில் தையல் மெசின்.
ஒரு எஞ்சின், பின்னால் கயிற்றில் ஐந்து வள்ளம்.
"அக்கரை எந்தப் பக்கம்?" என்று அப்பா கேட்டார்.
"வெளிச்சம் தெரியாத பக்கம்," என்றார் ஓட்டி.
அதற்குப் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை.

அங்கே துறை இருந்ததா?
ஏறினோம். இறங்கினோம். அதனால் இருந்தது.
எங்களுக்குப் பின்னால் கட்டியிருந்த வள்ளத்தைக் கேட்டால்
வேறு விடை வரும்.
கேட்க முடியாது.

இதற்கு மேற்கோள் காட்ட வழியில்லை.
நூற்பட்டியலில் அந்த ஓட்டியை
எந்த எழுத்தின் கீழ் வைப்பது?
ஆண்டு தெரியும். பெயர் தெரியாது.
பக்க எண் இல்லை.

அடிக்குறிப்பில் இரண்டே வரி எழுதினேன்:
துறை, கடக்கும் இடம். இன்மை,
கடந்தவர்க்கும் உண்டு.
இரண்டாவது வரியை மதிப்பீட்டாளர் வெட்டுவார்.
வெட்டட்டும்.

பிலேந்திரன் இன்னும் வாசலில்.
"எங்களுக்குத்தான்," என்றேன்.
இடம் போதாமல்
உறையின் ஓரத்தில் அவர்
"மெய்யியல்" என்று மட்டும் எழுதிக்கொண்டு போனார்.